வயிறு அடிக்கடி கெட்டுப்போகும் வீட்டு முயலுக்கு எந்தத் தீனி பாதுகாப்பானது?

திருச்சி_மாடிவீடு:

வணக்கம். எங்கள் வீட்டில் வெள்ளை முயல் ஒன்று இருக்கிறது. சிவப்புக் கண், பெண், ஒன்றரை வயது, எடை இரண்டேகால் கிலோ. பெயர் பஞ்சு. மாடி அறையில் சுதந்திரமாக விட்டிருக்கிறோம்.

பிரச்சினை வயிறுதான். காலையில் பார்த்தால் பின்பக்கம் முடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்துடன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் பகலில் உருண்டைப் புழுக்கையும் போடுகிறது, அதுவும் சின்னச் சின்னதாக. இது போக மாதம் ஒரு முறையாவது அரை நாள் எதையும் தொடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவர் ஊசி போட்டால் தேறிவிடும், அப்புறம் மறுபடியும் அதே கதை.

இப்போது கொடுப்பது: காலையில் ஒரு கேரட், கோஸ் இலை. மாலையில் கடையில் வாங்கும் முயல் தீனி ஒரு கிண்ணம் (பெல்லட் என்னும் அழுத்திச் செய்த குச்சித் தீனியோடு மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, கலர் கலராகச் சில துண்டுகள் கலந்தது). வயிறு சரியில்லாத நாளில் அம்மா தயிர் சாதம் வைப்பார்கள், குளிர்ச்சி என்று. டிமோத்தி புல் கொடுக்கச் சொல்கிறார்கள், அது இங்கே விற்கும் விலைக்கு மாதா மாதம் வாங்க முடியாது. வைக்கோல் போடலாமா? மலைக்கோட்டைப் பக்கம் பூக்கடைகளில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல் கொடுக்கலாமா? வயிற்றுக்கு மிருதுவான தீனி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கோவை_வீட்டுமுயல்:

தம்பி, உங்கள் பஞ்சுவைப் போலவே வயிறு உள்ள ஒரு முயல் என்னிடம் இருக்கிறது. சோவியத் சின்சில்லா இனக் கலப்பு, சாம்பல் நிறம், பெயரும் சாம்பல்தான், நீலகிரியில் வாங்கியது. இப்போது ஏழு வயது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. முயலுக்கு மிருதுவான தீனி என்று ஒன்று கிடையாது. நமக்கு வயிறு சரியில்லை என்றால் கஞ்சி, தயிர் சாதம். முயலுக்கு அது நேர் எதிர். அதன் வயிற்றைச் சரி செய்வது முரட்டு நார்தான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அதற்குப் பெரிய பை ஒன்று உண்டு, சீக்கம் என்பார்கள். வயிற்றுக்குள் பெரும் இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து தீனியைப் புளிக்க வைக்கின்றன. பெருங்குடல் ஒரு சல்லடை மாதிரி வேலை செய்கிறது: செரிக்காத நீள நாரைத் தனியே பிரித்து உருண்டைப் புழுக்கையாக வெளியே தள்ளும், பொடியானதையும் நீரையும் திருப்பி சீக்கத்துக்கு அனுப்பும். அந்த நீள நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசைந்துகொண்டே இருக்கும். நார் குறைந்தால் குடல் மந்தமாகும். அதே நேரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சீக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே வேண்டாத கிருமிகள் பெருகும், வாயு கட்டும், வலி வரும். வலி வந்தால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். மூலையில் குறுகி உட்கார்ந்து பல் கடிப்பது அந்த வலியால்தான். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் உள்ளே போனது முழுதும் குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தப் பிசுபிசு விஷயம். அதைக் கழிச்சல் என்று நினைத்திருப்பீர்கள். அநேகமாக அது கழிச்சல் இல்லை. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். உருண்டையாகக் காய்ந்தது ஒன்று. இரவிலோ விடியற்காலையிலோ சீக்கத்திலிருந்து வரும் இளகின புழுக்கை இன்னொன்று, சின்னத் திராட்சைக் கொத்து போல் பளபளப்பாக இருக்கும். அதை முயல் குனிந்து நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. ஆரோக்கியமான முயல் வீட்டில் அதை நாம் பார்ப்பதே அபூர்வம். தீனி அளவுக்கு மீறிச் சத்தாக இருந்தால் அது அதிகமாக உண்டாகும், களி மாதிரி இளகிப்போகும், முயல் தின்னாமல் விட்டுவிடும், மேலே உட்கார்ந்து அப்பிக்கொள்ளும். பஞ்சு பகலில் உருண்டையும் போடுகிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். உருண்டையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அது வேறு, அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பின்பக்கத்தைத் தினமும் பாருங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். முழு உடம்பையும் குளிப்பாட்ட வேண்டாம். திருச்சி வெயிலில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். சாதுவாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், அடியில் புழு அரித்துக்கொண்டிருக்கும்.

சரி, தீனி.

தயிர் சாதம், பிஸ்கட், இட்லி, ரொட்டி எதுவுமே இன்றோடு நிற்கட்டும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர்கள் அன்பாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் சோறு முழுக்க மாவுச்சத்து, பால் பொருளும் வளர்ந்த முயலின் குடலுக்குப் பொருந்தாது. கேரட் கிழங்கையும் நிறுத்துங்கள். அதில் சர்க்கரை அதிகம். பிற்பாடு ஒரு சின்ன வில்லை எப்போதாவது கொடுக்கலாம். கோஸ் பல முயல்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு வாயு கட்டும். என் சாம்பலுக்கு ஒரு இலை போதும், அன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை. பஞ்சுவுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

அந்தக் கலர் கலவைத் தீனிதான் பெரிய எதிரி. முயல் அதில் சோளத்தையும் விதையையும் பொறுக்கித் தின்றுவிட்டு நார் உள்ள பெல்லட்டை ஒதுக்கும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட கலவைத் தீனியை வைத்து ஆய்வே செய்தார்கள். அதைத் தின்ற முயல்கள் புல்லைக் குறைத்துக்கொண்டன, எடை கூடியது, பல் கோளாறு வந்தது. ஒரே மாதிரியான, கலப்பில்லாத பெல்லட்டுக்கு மாறுங்கள். பையின் பின்னால் நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள், 20-க்கு மேல் இருந்தால் நல்லது. புரதம் 12 முதல் 14 வரை போதும். ஆனால் இதை ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழைய கலவையில் இருக்கும் சோளத்தையும் விதையையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சும் பெல்லட்டோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து இரண்டு மூன்று வாரத்தில் மாற்றுங்கள். அளவையும் கூடவே குறையுங்கள். வளர்ந்த முயலுக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்பது மேல் வரம்பு. பஞ்சுவைப் போன்ற வயிற்றுக்கு அதில் பாதி, அதாவது மொத்தமாகவே முப்பது கிராமுக்குள் போதும்.

மீதி முழுவதும் புல். சாப்பிடுவதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். அது எந்நேரமும் கூடையில் இருக்க வேண்டும், தீரவே கூடாது.

டிமோத்திதான் வேண்டும் என்பதில்லை. அது குளிர்நாட்டுப் புல், அங்கே சல்லிசாகக் கிடைப்பதால் அங்கே உள்ளவர்கள் அதைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பெர்முடா புல் என்று காய வைத்துக் கட்டுக்கட்டாக விற்பது நம் அருகம்புல்தான், முயலுக்கு அருமையான தீனி. பஞ்சாப், ஹரியானா பக்கம் மாட்டுக்காக விளைவிக்கும் ஓட்ஸ் பயிரைக் காய வைத்து இப்போது ஆன்லைனில் விற்கிறார்கள். டிமோத்தியைவிடப் பல மடங்கு மலிவு, நான் வாங்குவது அதுதான். தண்டு பச்சை மாறாமல், புல் வாசனையுடன் இருக்க வேண்டும். தூசியோ பூஞ்சை வாடையோ அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். குதிரை மசால் என்றும் லூசர்ன் என்றும் விற்பது வேறு, அது பயறு வகை. குட்டிக்கும் சினை முயலுக்கும் சரி. வளர்ந்த முயலுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி, சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பு போல வர ஆரம்பிக்கும்.

வைக்கோல் நெல்லின் தாள். முயல் கடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் சத்து மிகக் குறைவு, சிலிக்கா அதிகம், மருந்தடித்த வயலா என்று தெரியாது. கீழே விரிக்கலாம், அதையே தீனியாக நம்ப வேண்டாம்.

பூக்கடை அருகம்புல் கொடுக்கலாம். எங்கே பறித்தார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். சாக்கடை ஓரம், நாய் நடமாடும் இடம், களைக்கொல்லி அடித்த வரப்பு என்றால் வேண்டாம். இரண்டு தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் பரப்பிக் கொடுங்கள். முதல் வாரம் ஒரு கைப்பிடி, பிறகு கூட்டிக்கொண்டே போகலாம்.

பஞ்சு இதுவரை புல்லையே தின்னாமல் வளர்ந்திருப்பதால் காய்ந்த புல்லை முகர்ந்துவிட்டுப் போய்விடக்கூடும். மனம் தளர வேண்டாம். முயல் மலம் கழித்துக்கொண்டே மெல்லும், அதனால் கழிப்பறைத் தட்டிலேயே ஒரு பக்கம் புல்லைக் குவியுங்கள். நான் புதினாவை நிழலில் காய வைத்து நொறுக்கி ஓட்ஸ் புல்லில் தூவினேன், அந்த வாசனைக்கே வந்துவிட்டது.

எல்லாக் கீரையையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். பின்பக்கம் சுத்தமாகி, உருண்டைகள் பெரிதாக, வெளிர் பழுப்பாக, உடைத்தால் நார் நாராக வர ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் கொத்தமல்லி இரண்டு தண்டு, நாலைந்து நாள் அதையே. புழுக்கை மாறவில்லை என்றால் அடுத்தது புதினா. அப்புறம் செம்பருத்தி இலை, கேரட்டின் மேல் தழை. ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள் வேண்டாம், எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

கடைசியாக ஒன்று. புல்லை ஆசையாக வாயில் எடுத்துவிட்டுக் கீழே போட்டாலோ, தாடை ஈரமாக இருந்தாலோ அது கடைவாய்ப் பல்லாக இருக்கலாம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளரும். நார் மென்று தேயாவிட்டால் முனை கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். அப்போது எந்தத் தீனியாலும் சரியாகாது, வாய்க்குள் கருவி விட்டுப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

பழனிமலை_பண்ணை:

நான் இறைச்சிக்கு முயல் வளர்க்கிறேன், கொடைக்கானல் மலைக்குக் கீழே. மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வாங்கிய ஒயிட் ஜெயன்ட் இன வழி. அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் பண்ணைத் தீனிக் கணக்கைப் பார்த்து வீட்டு முயலுக்குப் போடாதீர்கள். நாங்கள் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வர வேண்டும் என்று சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு கலந்து அடர்தீவனம் போடுகிறோம். எட்டு பத்து வருடம் வாழ வேண்டிய முயலுக்கு அது ஆகாது. கடையில் சில்லறையாக விற்கும் பெல்லட்டும் பல இடங்களில் சாக்குப் பையில் வரும் பண்ணைத் தீவனம்தான்.

பசுந்தீவனத்துக்கு கோ-4 கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப் புல் நல்லது. வேலிமசால், முயல் மசால் ருசியாகத் தின்னும், ஆனால் அவை பயறு வகை, வீட்டு முயலுக்கு எப்போதாவது ஒரு கொத்து. சவுண்டல் தழை வேண்டாம், அதிகம் தின்றால் முடி கொட்டும். வேலியில் பறிப்பவர்கள் உண்ணிச்செடி, அரளி, எருக்கு, ஆமணக்கு கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். அறுத்த புல்லை உடனே போட மாட்டோம், பரப்பி ஒரு பொழுது வாட விட்டுத்தான் போடுவோம்.

இன்னொரு விஷயம். தெருவில் கூடையில் வைத்து விற்கும் குட்டிகள் பெரும்பாலும் ஒரு மாதக் குட்டிகள். குறைந்தது எட்டு வாரம் தாயிடம் இருக்க வேண்டியவை. குடலில் நல்ல கிருமிகள் நிலைப்பதற்குள் பிரித்து கோஸும் கேரட்டும் கொடுத்தால் அந்த வயிறு பிறகும் தொல்லை கொடுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சு அப்படி வந்ததா?

நாமக்கல்_மாணவி:

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகிறது.

வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையையோ குழந்தைகளின் சிரப்பையோ முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவையும் அப்படியே. சீக்கத்தில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருக வழிவிடும். நாய்க்குக் கொடுப்பதை முயலுக்கும் எழுதிக்கொடுத்தால், இது முயலுக்குப் பாதுகாப்பானதா என்று தயங்காமல் கேளுங்கள். மனிதர்களுக்கான பேதி மாத்திரையும் வேண்டாம், குடல் அசைவை நிறுத்துவதுதான் அதன் வேலை.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தீனி தொடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காது சில்லென்று இருந்தால் இன்னும் அவசரம். வயிறு கல்லாக உப்பியிருந்தால் எதையும் ஊட்டாமல் நேராகக் கொண்டு போங்கள், அடைப்பாக இருக்கலாம். வயிறு மெத்தென்று இருந்து, மருத்துவரும் ஊட்டச் சொன்னால் மட்டும், வழக்கமான பெல்லட்டை வெந்நீரில் ஊற வைத்துக் கரைத்து ஆறியபின் ஊசியில்லாத சிரிஞ்சில் கன்ன ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக. வலிக்கு மருந்து, உடம்பில் நீர் ஏற்றுவது இரண்டும் முக்கியம், அவை மருத்துவர் கையில். திருச்சியிலிருந்து ஒரத்தநாடு, நாமக்கல் இரண்டு கல்லூரி மருத்துவமனைகளுக்கும் வரலாம்.

திருச்சி_மாடிவீடு:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. பண்ணை அண்ணா கேட்டது சரி, பஞ்சு தெருவில் கூடையில் வாங்கியதுதான், உள்ளங்கை அளவு இருந்தது. இன்று காலை பார்த்தபோது அக்கா சொன்ன மாதிரிதான், பிசுபிசுப்புக்குள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தது.

இன்னும் மூன்று சந்தேகம். லால்குடியில் மாமா வீட்டில் மாட்டுக்காக கோ-4 போட்டிருக்கிறார்கள், வாரம் ஒரு கட்டு கொண்டு வர முடியும், அதை எப்படி வைத்துக்கொள்வது? பாட்டி ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். அகத்தி, முருங்கை எங்கள் கொல்லையிலேயே இருக்கிறது, கொடுக்கலாமா?

கோவை_வீட்டுமுயல்:

கோ-4 கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம், விடாதீர்கள். முற்றித் தடித்த தண்டை மாட்டுக்கு விட்டுவிட்டு, இடுப்பளவு வளர்ந்த இளம் பயிரின் இலையும் மெல்லிய தண்டும் கேளுங்கள். யூரியா போட்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் கேளுங்கள், போட்ட சூட்டோடு அறுத்தது வேண்டாம். கட்டைப் பிரிக்காமல் சாக்குக்குள் ஒரு இரவு வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். அந்தப் புல்தான் வயிறு உப்பச் செய்கிறது. பண்ணைத் தம்பி வாட விடச் சொல்வது இதனால்தான். வந்த அன்றே மாடியில் நிழலாக, காற்றோட்டமான இடத்தில் கொசுவலை மேல் மெல்லியதாகப் பரப்பிப் புரட்டிவிடுங்கள். அன்றைக்கும் மறுநாளைக்கும் வாடலாகக் கொடுங்கள். மீதி தண்டு படக்கென்று ஒடியும் வரை காயட்டும், பிறகு துணிப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைப்பது நடக்காது, அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஓட்ஸ் புல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓமத் தண்ணீர் வேண்டாம். கடையில் விற்பதில் சர்க்கரை இருக்கலாம். வீட்டில் கொதிக்க வைத்தது என்றாலும் வலியில் இருக்கும் முயலுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. நாமக்கல் பொண்ணு சொன்ன அந்தப் பத்து மணி நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாட்டியிடம் வேறு வேலை கொடுங்கள்: தண்ணீர் வைப்பது. உருட்டும் குழாய்ப் புட்டியைவிட அகலமான மண் சட்டியில் வைத்தால் முயல் அதிகமாகக் குடிக்கும். இரண்டேகால் கிலோ முயலுக்கு வெயில் காலத்தில் கால் லிட்டருக்கும் மேலே வேண்டியிருக்கும். நாளுக்கு இரண்டு முறை மாற்றச் சொல்லுங்கள், மதியம் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர். அந்த மாடி அறை மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் முயலுக்குக் கஷ்டம், வெக்கையில் அது முதலில் நிறுத்துவது புல்லைத்தான். சித்திரை வருவதற்குள் கீழ்வீட்டில் சிமெண்டுத் தரை உள்ள ஒரு அறைக்கு இறக்கிவிடுங்கள்.

அகத்தியும் முருங்கையும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. வயிறு தேறிய பிறகு, கொத்தமல்லி, புதினா எல்லாம் ஒத்துக்கொண்டது தெரிந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் ஒரு சின்ன ஈர்க்கு. அதற்கு முன் வேண்டாம். கொல்லையில் வாழை இருந்தால் மருந்தடிக்காத இலையில் ஒரு உள்ளங்கை அளவு கிழித்துக் கொடுத்துப் பாருங்கள், என் சாம்பல் அதை நரம்போடு சேர்த்துத் தின்னும். வாழைப்பழம் மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்த வாரம் உருண்டைப் புழுக்கையின் படத்தை இங்கே போடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு தெரியும்.